பொரித்த எண்ணெயில் பழைய டீசல் கார் ஓடுமா?

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் புகுந்த காற்றைப் பிஸ்டன் இருபது மடங்கு அளவுக்கு அழுத்த, அந்தக் காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அந்த நேரம் பார்த்து நாசில் எரிபொருளைப் பனிபோலப் பீய்ச்ச, அது தானாகப் பற்றிக்கொள்கிறது. பற்றிக்கொள்வது டீசலாகத்தான் இருக்க வேண்டும் என்று எஞ்சினுக்கு ஒரு கட்டாயமும் இல்லை. 1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஓட்டோ கம்பெனி ஒரு சின்ன டீசல் எஞ்சினை மல்லாட்டை (வேர்க்கடலை) எண்ணெயில் ஓட்டிக் காட்டியது. பார்த்தவர்களில் சிலருக்குத்தான் விஷயமே தெரியும், அவ்வளவு சீராக ஓடியது என்று இந்த எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் பிற்பாடு சொன்னார்.

ஆக, ஓடுமா என்ற கேள்விக்கு எப்போதோ பதில் கிடைத்துவிட்டது. தண்டையார்பேட்டையிலோ மாதவரத்திலோ ஒரு பழைய இண்டிகாவை வைத்துக்கொண்டு, பங்கில் போடும் காசைப் பார்த்து இந்த யோசனைக்கு வருகிறவர் கேட்க வேண்டியது வேறு இரண்டு கேள்வி. எத்தனை நாள் ஓடும்? யாருக்குக் கட்டுப்படியாகும்?

சிக்கல் எரிவதில் இல்லை, பாய்வதில் இருக்கிறது. ஒரு திரவம் எவ்வளவு மந்தமாக ஓடும் என்பதைப் பாகுநிலை என்பார்கள். அதை அளக்கும் அலகு சென்டிஸ்டோக். பங்கில் விற்கும் டீசலுக்கு 40 டிகிரி சூட்டில் அது 2 முதல் 4.5 வரை இருக்க வேண்டும் என்பது விதி. பாமாயிலுக்கு அதே சூட்டில் 40ஐ ஒட்டி வரும். ஏறக்குறைய பத்து மடங்கு கெட்டி. நாசிலின் துளையோ டீசலுக்காகச் செய்தது. கெட்டி எண்ணெய் அதில் புகுந்தால் பனியாகப் பரவாது. பெரிய துளிகளாகப் பிச்சுவா மாதிரி நேராகப் போய்ச் சிலிண்டர் சுவரில் அடிக்கும். பாதி எரிந்தது நாசில் முனையில் கரியாகப் படியும், பிஸ்டன் ரிங் பள்ளத்தில் பசையாக ஒட்டும். எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரான லைனர் ஓரமாக வழிந்து கீழே எஞ்சின் ஆயிலில் கலக்கும். இதெல்லாம் முதல் மாதத்தில் தெரியாது. வண்டி நன்றாகவே ஓடும், பின்னால் வருகிறவருக்கு வடை வாசனைகூட அடிக்கும். ஏமாறுவது அங்கேதான்.

அதே பாமாயிலை 80 டிகிரிக்குச் சூடாக்கினால் பாகுநிலை 12, 13க்கு இறங்கிவிடும். டீசல் அளவுக்கு வராது. ஆனாலும் பழைய எஞ்சின் பொறுத்துக்கொள்ளும். எண்ணெயைச் சுத்தம் செய்து, சுடச்சுடப் பம்புக்குக் கொடுப்பது, இந்த முறையின் சாரமே இதுதான். மற்றதெல்லாம் அதற்கான குழாய் வேலை: எண்ணெய்க்கென்று இரண்டாவது டேங்க், சூடாக்க ஹீட்டர், மாற்றிவிட வால்வு.

எந்த வண்டி தாங்கும்

எரிபொருள் நேராகப் பிஸ்டன் மேல் விழாமல், சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டில் இருக்கும் சிறு அறைக்குள் முதலில் எரியத் தொடங்கும் வகை எஞ்சின்கள்தான் இதற்கு ஏற்றவை. வண்டி இழுத்து ஓடும்போது அந்த அறை நல்ல சூட்டில் இருப்பதால் பெரிய துளிகளையும் எரித்துவிடும். 1,489 சிசி அம்பாசடர் டீசல், 1,405 சிசி இண்டிகாவின் பழைய மாடல், முதல் தலைமுறை டாடா சுமோ 2.0, டொயோட்டா குவாலிஸ், பெஜோ எஞ்சின் போட்ட மாருதி ஜென் டி எல்லாம் இந்த ரகம். இவற்றின் நாசில் 120 முதல் 150 பார் அழுத்தத்தில் திறப்பவை, முரட்டுத்தனமானவை.

பொலீரோ டிஐ போல, மெக்கானிக்கல் பம்ப்தான் ஆனால் பிஸ்டன் மேலேயே பீய்ச்சும் வண்டிகள் இரண்டாம் பட்சம். சூடு குறைந்தால் சீக்கிரம் கரி பிடிக்கும். சிஆர்டிஐ, டைகோர், சிஆர்4, டிடிஐஎஸ், மல்டிஜெட் என்று பின்பக்கம் எழுதியிருந்தால் இத்தோடு யோசனையை விட்டுவிடலாம். அவை காமன் ரயில். 1,300 பாருக்கு மேல் அழுத்தம், முடியளவு துளை. ஒரு நாசில் செட்டின் விலையில் பல மாத டீசல் வாங்கலாம்.

பம்பையும் பாருங்கள். நாலு குழாயும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து எழும்பினால் அது இன்லைன் பம்ப். அதன் உட்பகுதிக்கு எஞ்சின் ஆயிலே மசகு, கெட்டி எண்ணெயைத் தாங்கும். நாலும் ஒரு முனையிலிருந்து வட்டமாகக் கிளம்பினால் ரோட்டரி. அதற்கு உள்ளே ஓடும் எரிபொருள்தான் மசகு. லூகாஸ் சிஏவி வகை ரோட்டரி பம்பில் ஆறிய எண்ணெயைக் கொடுத்தால் உள்ளே ஷாஃப்டே முறியும். அந்தப் பம்ப் இருக்கும் வண்டியில் இதைத் தொட வேண்டாம்.

சட்டமும் கணக்கும்

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடலாம். சமையல் எண்ணெயை அப்படியே வண்டிக்கு ஊற்றுவது இங்கே அங்கீகரித்த எரிபொருள் அல்ல. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியில் மாற்றம் செய்ய ஆர்டிஓ அனுமதி வேண்டும். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரர் இரண்டாவது டேங்கைப் பார்த்துக் கேள்வி கேட்பார். பதினைந்து வருஷம் தாண்டி எஃப்சிக்குப் போகும் வண்டி என்றால் புகைச் சோதனையும் உண்டு.

எண்ணெய் கிடைப்பதிலும் கட்டுப்பாடு இருக்கிறது. 2018 ஜூலை முதல், பொரித்துப் பொரித்துச் சிதைந்த பொருள்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் புழங்கும் கடைகள் கணக்கு வைத்து, அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம்தான் பழைய எண்ணெயைக் கொடுக்க வேண்டும். அது பயோடீசலாக மாறப் போகிறது. பயோடீசல் வேறு சரக்கு: எண்ணெயோடு மெத்தனாலும் காஸ்டிக் சோடா போன்ற காரமும் சேர்த்து மூலக்கூறையே உடைத்து, பாகுநிலையை 4, 5க்குக் கொண்டுவந்தது. அதை வீட்டில் காய்ச்சலாம் என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். மெத்தனால் நஞ்சு, நெருப்பு இரண்டும். உரிமம் இல்லாமல் வாங்கவே முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் இறந்தது நினைவிருக்கும். ஆகவே உங்களுக்குக் கிடைக்கக்கூடியது சிறு கடைகளின் எண்ணெய் மட்டுமே.

இன்னொரு குறுக்குவழியும் பலர் மனதில் ஓடும்: ரேஷன் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்தானே? அதை வண்டிக்கு ஊற்றுவது அத்தியாவசியப் பொருள் கடத்தல். அதைவிட, அடுத்த வீட்டுக்காரரின் தாளிப்பு அது. கடையில் விற்கும் புது பாமாயிலோ டீசலைவிட விலை அதிகம்.

ஒரு கணக்குப் போடுவோம். மாதவரத்திலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஜிஎன்டி ரோட்டில் தினம் போய் வருகிறவர், மாதம் 2,000 கி.மீ. லிட்டருக்கு 15 கி.மீ. என்றால் 133 லிட்டர் டீசல். அதில் 100 லிட்டரை எண்ணெயால் ஈடுகட்டலாம் என்று வைப்போம். ஸ்டார்ட் செய்யவும் நிறுத்தவும் டீசல் வேண்டும், அதனால் முழுதும் முடியாது. லிட்டருக்கு லிட்டர் எண்ணெயில் சத்து ஐந்தாறு சதவீதம் குறைவு. ஆக 106 லிட்டர் சுத்தமான எண்ணெய் வேண்டும். வாங்கியதில் 13 சதவீதம் கசடாகப் போனால் 122 லிட்டர் வாங்க வேண்டும். கடைக்காரர் லிட்டரை 55 ரூபாய்க்குத் தருகிறார் என்றால் 6,710 ரூபாய். டீசல் 92 ரூபாய் என்றால் 100 லிட்டர் 9,200. மிச்சம் 2,490. எஞ்சின் ஆயிலை இருமடங்கு அடிக்கடி மாற்ற வேண்டும். அதற்கு மாதம் 800 கழியுங்கள். டீசல் ஃபில்டருக்கு 200. கையில் நிற்பது சுமார் 1,500. இரண்டாவது டேங்க், ஹீட்டர், வால்வு, கூலி எல்லாம் சேர்த்து 25,000 ஆனால், போட்ட காசு திரும்பவே ஒன்றரை வருஷம். உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு இதில் விலை போடவில்லை.

வீட்டிலிருந்து பாரிமுனைக்கு ஐந்து கிலோமீட்டர் போய் வருகிறவருக்கு இந்தக் கணக்கே கிடையாது. எஞ்சின் சூடாவதற்குள் ஊர் வந்துவிடும்.

எந்தக் கடை எண்ணெய்

வடசென்னையில் எண்ணெய்ச் சட்டிக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாச் சட்டியும் ஒன்றல்ல.

காசிமேட்டு மீன் வறுவல் எண்ணெய் பார்க்க மலிவு. அதில் உப்பு, மசாலா, மீனின் தண்ணீர் மூன்றும் கலந்திருக்கும். தண்ணீரும் சூடும் சேர்ந்து எண்ணெயைப் புளிக்க வைத்திருக்கும். விட்டுவிடுங்கள். சௌகார்பேட்டை இனிப்புக் கடைகளின் சட்டியில் டால்டாவும் நெய்யும். ஆறினால் கட்டி, குழாயிலும் கட்டி. நேந்திரம் சிப்ஸ் தேங்காய் எண்ணெயில் போட்டதா என்று கேளுங்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியில் உறையும். தை மாதக் காலையில் சென்னையிலேயே உறையும். பஜ்ஜிக் கடை எண்ணெய் பரவாயில்லை, ஆனால் கடலைமாவுத் தூள் மிக நுண்ணியது, படிய நாளாகும். எல்லாவற்றிலும் நல்லது பாமாயிலில் உருளைக்கிழங்கு சிப்ஸ், முறுக்கு மட்டும் போடும் கடை. அவர்கள் எண்ணெயைக் கருக விடுவதில்லை, விட்டால் சரக்கின் நிறம் கெடும்.

பாமாயிலுக்கு இன்னொரு நன்மை. சூடும் காற்றும் பட்டால் எண்ணெய்கள் வார்னிஷ் போல இறுகும். சூரியகாந்தி எண்ணெய் வேகமாக, பாமாயில் மெதுவாக. குளிர்நாடுகளில் பாமாயில் உறைந்துவிடும் என்று ஒதுக்குவார்கள். நமக்கு அந்தப் பயம் மார்கழி, தை விடிகாலையில் மட்டும்தான். அப்போதும் கேனின் அடியில் வெள்ளையாகக் கட்டுவது ஒரு வசதி. மேலே தெளிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

வாங்கும் முன் இரண்டு சோதனை. முதலாவதற்குத் தாளிப்புக் கரண்டி போதும். காய்ந்த கரண்டியை நன்றாகச் சூடாக்கி, ஒரு ஸ்பூன் எண்ணெய் விடுங்கள். படபடவென்று பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது. சத்தமில்லாமல் நெளிந்தால் நல்லது. முகத்தைத் தள்ளி வையுங்கள்.

இரண்டாவது, புளிப்பு எவ்வளவு என்று பார்ப்பது. 1 கிராம் காஸ்டிக் சோடாவை 1 லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் கரையுங்கள். வேறொரு கண்ணாடிக் குப்பியில் 10 மி.லி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் 1 மி.லி. எண்ணெயும் கலந்து, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போடுங்கள். பிறகு சிரிஞ்சால் சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குங்கள். மஞ்சள் சிவந்து, பத்துப் பதினைந்து விநாடி அப்படியே நின்றால் நிறுத்தி, எத்தனை மி.லி. போனது என்று பாருங்கள். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டு மஞ்சள் சிவக்கிறதே, அதே வேதியியல்தான். 3 மி.லி.க்குள் இருந்தால் வாங்கலாம். கொழுப்பு அமிலம் 2.3 சதவீதம் அளவில் இருக்கிறது என்று அர்த்தம். 5ஐத் தாண்டினால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம், பம்பை அரிக்கும். சாமான்கள் பார்க் டவுன் நைனியப்ப நாயக்கன் தெருவில் கிடைக்கும். காஸ்டிக் சோடா தோலைப் பொசுக்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

தெளிய வைத்தல்

வடிகட்டியைவிடப் பொறுமைதான் அதிகம் வேலை செய்யும். 200 லிட்டர் நீல டிரம்மில், அடியிலிருந்து அரை அடி மேலே ஒரு டேப், அடியிலேயே இன்னொன்று. எண்ணெயை நைலான் வலையில் வடித்து ஊற்றி, இரண்டு வாரம் தொடாமல் விடுங்கள். மாவும் தண்ணீரும் அடியில் தங்கும். கீழ் டேப்பில் கசடை இறக்கிவிட்டு, மேல் டேப்பில் தெளிந்ததை எடுங்கள்.

அதை 60 டிகிரிக்குச் சூடாக்கி மறுபடி இரண்டு நாள் ஆறவிட்டால் மிச்சத் தண்ணீரும் இறங்கும். சித்திரை வைகாசியில் மொட்டை மாடியில் கறுப்பு பெயின்ட் அடித்த மூடிய டிரம் பாதி வேலையைச் சும்மா செய்துவிடும். அடுப்பில் வைப்பதானால் 100 டிகிரியை நெருங்காதீர்கள். அடியில் தேங்கிய தண்ணீர் ஒரே நேரத்தில் ஆவியாகி, மேலிருக்கும் கொதிஎண்ணெயைத் தூக்கி எறியும். கடைசியாக 25, 5, 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று மூன்று பை ஃபில்டர்களில் வரிசையாக விடுங்கள். பின்பு மறுபடி தாளிப்புக் கரண்டி. பொரியாவிட்டால்தான் வண்டிக்கு.

துத்தநாக முலாம் போட்ட வாளி, செம்புக் குழாய், பித்தளை டேப் எதுவும் கூடாது. செம்பும் பித்தளையும் எண்ணெயை வார்னிஷாக்குவதை வேகப்படுத்தும். துத்தநாக முலாம் கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து சோப்பாகி ஃபில்டரை அடைக்கும். பிளாஸ்டிக் டிரம், ஸ்டெயின்லெஸ், அலுமினியம் சரி. ஐப்பசி கார்த்திகை மழையில் டிரம்மை விளிம்பு வரை நிரப்பி இறுக மூடுங்கள். காலி இடத்தில் இருக்கும் கடற்காற்றின் ஈரம் இரவில் வியர்த்து எண்ணெயில் விழும், அந்தத் தண்ணீரோரம் பூஞ்சை பிடிக்கும்.

கசடைக் கழிவுநீர்க் குழாயிலோ பக்கிங்ஹாம் கால்வாயிலோ ஊற்றாதீர்கள். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்து மீனவர் பட்ட பாட்டைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பழைய எண்ணெய் சேகரிப்பவரிடமே கசடையும் கொடுத்துவிடலாம். எண்ணெய் துடைத்த துணியை மூலையில் குவித்துவைக்காதீர்கள். காற்றோடு சேர்ந்து சூடேறித் தானே பற்றும். தண்ணீர் வாளியில் போடுங்கள், அல்லது விரித்து உலர்த்துங்கள்.

இரண்டு டேங்க்

பழைய டேங்க் டீசலுக்கே இருக்கட்டும். டிக்கியில் 30 லிட்டர் அளவில் எண்ணெய்க்கு இன்னொன்று. ரேடியேட்டருக்குப் போகும் சுடுதண்ணீரில் ஒரு கிளை எடுத்து அந்த டேங்குக்குள் சுருளாக விட வேண்டும். எஞ்சின் பக்கத்தில், ஃபில்டருக்கு முன்னால், இருபது தகடு கொண்ட ஸ்டெயின்லெஸ் ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஒன்று. ஒருபக்கம் எண்ணெய், மறுபக்கம் அதே சுடுதண்ணீர். எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கும் வண்டியில் எண்ணெய் 70ஐத் தாண்டிப் பம்புக்குப் போகும். இந்தத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் நம் ஊர் மெக்கானிக்குகள் பலருக்கு உண்டு, ஹீட் ஆகக் கூடாதாம். முதலில் அதைத் திரும்ப மாட்டுங்கள். அது இல்லாமல் இந்த வேலையே இல்லை.

இரு டேங்கையும் மாற்ற மின்சாரத்தில் திறந்து மூடும் 12 வோல்ட் சாலினாய்ட் வால்வு இரண்டு: பம்புக்குப் போகும் வழிக்கு ஒன்று, மிஞ்சியது டேங்குக்குத் திரும்பும் வழிக்கு ஒன்று. ஓஸ் எல்லாம் வைட்டான் ரப்பர். சாதாரண ரப்பர் ஊதிப் போகும். பம்ப் வாயில் ஒரு வெப்பமானி கட்டாயம். ஜிபி ரோட்டில் புதிதும் புதுப்பேட்டையில் பழையதும் கிடைக்கும். வால்வை மட்டும் பழையதாக வாங்காதீர்கள்.

ஓட்டும் முறை எளிது, மறதிதான் எதிரி. டீசலில் ஸ்டார்ட் செய்யுங்கள். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் பம்ப் வாய் 70 டிகிரி காட்டியதும் எண்ணெய்க்கு மாற்றுங்கள். இறங்கும் இடத்துக்கு இரண்டு நிமிஷம் முன்னால் போகும் வழியை மட்டும் டீசலுக்குத் திருப்புங்கள். குழாயில் மிச்சமிருக்கும் எண்ணெய் தன் டேங்குக்கே திரும்பட்டும். அரை நிமிஷம் கழித்துத் திரும்பும் வழியையும் மாற்றுங்கள். மறந்து எண்ணெயிலேயே அணைத்துவிட்டால், காலையில் ஹீட்டர் பிளக் எவ்வளவு நேரம் பிடித்தாலும் வண்டி இருமும்.

இங்கேதான் வடசென்னை குறுக்கே வருகிறது. எண்ணெய்க்கு வேண்டியது சூடான அறையும் இழுக்கும் சுமையும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் துறைமுகத்துக்கு நிற்கும் கன்டெய்னர் வரிசைக்குப் பின்னால் ஒரு மணி நேரம் ஐடிலில் நின்றால், ரேடியேட்டர் சூடாகவே இருக்கும். எரியும் அறை ஆறிப் போகும். எண்ணெயில் கரி பிடிக்க அதைவிட நல்ல வழி இல்லை. ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்கும் என்று தெரிந்தால் டீசலுக்கு மாற்றிவிடுங்கள். செங்குன்றம் தாண்டி நாலாவது ஐந்தாவது கியரில் போகும்போது எண்ணெய், ஊருக்குள் டீசல்.

இவ்வளவும் வேண்டாம் என்பவர் டீசலோடு 10, அதிகம் போனால் 20 சதவீதம் சுத்தமான எண்ணெயைக் கலந்து ஒரே டேங்கில் ஊற்றுவதும் உண்டு. பழைய இண்டிகா, குவாலிஸ் தாங்கும். மிச்சமும் அதற்கேற்ற சொற்பம்தான். மெலிதாக்க மண்ணெண்ணெய் சேர்க்கும் யோசனை வேண்டாம், அது கலப்படக் குற்றம்.

என்னென்ன கெடும்

முதலில் ஃபில்டர். மின்ட் மேம்பாலத்தில் ஏறும்போது பிக்கப் இறங்கி, சமதரையில் சரியானால் ஃபில்டர் அடைத்திருக்கிறது. உதிரி ஒன்றை எப்போதும் டிக்கியில் வைத்திருங்கள். அடுத்தது ஏர் லாக். கெட்டி எண்ணெயை இழுக்கப் பம்ப் அதிகம் உறிஞ்சுவதால், டீசலில் ஒழுகாத கிளாம்ப்கூடக் காற்றை உள்ளே விடும். ஐடில் ஏறி இறங்கும். பம்புக்கு முன்னால் ஒரு துண்டு கண்ணாடிக் குழாய் வைத்தால் குமிழி தெரியும், தேடும் வேலை மிச்சம்.

நாசிலை 20,000 கி.மீ.க்கு ஒருமுறை கழற்றி டெஸ்ட் பெஞ்சில் பாருங்கள். பனியாக வராமல் கோடாக வந்தால் மாற்ற வேண்டும். ஓடும்போது வெள்ளைப் புகை, காலையில் ஒரு சிலிண்டர் தட்டுவது, இரண்டும் நாசிலைத்தான் காட்டும்.

எஞ்சினையே எடுத்துவிடக்கூடியது ஆயில். வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக் பாருங்கள். அளவு குறைந்தால் வழக்கமான கதை. ஏறினால் எண்ணெய் கீழே இறங்குகிறது. மசகோடு கலந்த சமையல் எண்ணெய் ஒருநாள் மெதுவாக அல்ல, திடீரென்று இறுகும். கூழாகி ஆயில் பம்பின் வலையை அடைத்துவிட்டால் பேரிங் போய்விடும். அதனால்தான் 5,000 கி.மீ.க்கு மாற்றுவதை 2,500க்கு மாற்றச் சொல்வது. மாற்றும்போது ஆயில் நூலிழுத்தால் ரிங் ஒட்டியிருக்கிறது. கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) பார்க்காமல் எண்ணெய் டேங்கை மறுபடி திறக்காதீர்கள்.

ஊருக்குப் போவதாலோ வேறெதனாலோ வண்டியை ஒரு மாதம் நிறுத்தப் போகிறீர்கள் என்றால், கடைசி இருபது கிலோமீட்டரை முழுக்க டீசலில் ஓட்டுங்கள். எண்ணெய் டேங்கை வடித்து டிரம்மில் ஊற்றிவிட்டு, ஃபில்டரை மாற்றி, அதன் கோப்பையில் டீசலை நிரப்பி மாட்டி, எஞ்சினைக் கால் மணி நேரம் ஓட விடுங்கள். பம்புக்குள் எண்ணெயோடு நின்ற வண்டியில், எரிபொருளை அழுத்தித் தள்ளும் பிளன்ஜரில் தேன் நிறத்தில் ஒரு படலம் ஒட்டும்; அதைக் கழற்றித் துடைக்கப் பம்ப் ரிப்பேர் கடைக்காரர் கேட்பது இரண்டு மூன்று மாத மிச்சத்துக்குக் குறையாது.